வெள்ள நாளில் ஊர்ச் சமையல்: அதிகாரி நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ரோடு, கரண்ட், போன் எல்லாம் போய்விட்டது. எங்கள் மகளிர் குழுவும் ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து கோயில் மண்டபத்தில் அடுப்பு மூட்டி, 300 பேருக்கு நான்கு நாள் சமைத்துப் போட்டோம். ரேஷன் கடைக்காரரிடம் அரிசி கேட்டதற்கு, பில் மெஷின் ஓடவில்லை, தர முடியாது என்றார். ஐந்தாம் நாள் ஒரு அதிகாரி வந்தார். "முகாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, சாப்பாடு அங்கேதான். உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் இங்கே சமைக்கக் கூடாது" என்று அடுப்பை அணைக்கச் சொன்னார். பிறகு கணக்கெடுக்க வந்தவர்கள், "உங்களுக்குத்தான் சாப்பாடு கிடைத்ததே" என்று எங்கள் தெருவில் சில வீடுகளை விட்டுவிட்டார்கள். வாழைத்தோட்ட வேலைக்கு வேறு மாவட்டத்திலிருந்து வந்து ஆற்றோரம் குடிசை போட்டிருந்த பதினோரு குடும்பம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அடுத்த மழைக்கு முன்னால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அந்த அதிகாரி செய்தது சரியா? அவர்மேல் புகார் கொடுக்கலாமா?

ஒரு மகளிர் குழுத் தலைவி (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: வருவாய்த் துறையில் வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நீங்கள் செய்தது பெரிய காரியம். அந்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டியதை விடவும் அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள் ஊரில் இருந்ததைப் போட்டுச் சமைத்து அவர்களுக்குச் சோறு கொடுத்ததை நாடே பார்த்தது. பேரிடர் எதுவானாலும் முதல் இரண்டு நாள் சோறு அண்டை அயலார் கையிலிருந்துதான் வருகிறது. ரோடு அறுந்துபோனால் அரசாங்க வண்டியும் வர முடியாது அல்லவா?

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். உங்கள் சமையலில் எந்தக் குறையும் இல்லை. அந்த அடுப்பு அரசாங்கத்தின் எந்தத் தாளிலும் இல்லாமல் போனதுதான் பிரச்சினை. அரிசி கிடைக்காதது, அடுப்பை அணைக்கச் சொன்னது, வீடுகள் விடுபட்டது, குடிசைக்காரர்கள் கண்ணில் படாமலே போனது எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆகவே அடுத்த மழைக்கு அரிசி சேர்ப்பதற்கு முன்னால், உங்கள் சமையலை முகாம் கணக்கில் ஏற்றுங்கள். எப்படி என்று சொல்கிறேன். அதற்கு முன் அந்த அதிகாரி விஷயம்.

அவரும் கணக்கெடுக்க வந்தவர்களும் சொன்னதில் ஒன்று சரி, ஒன்று பாதி சரி, ஒன்று முழுத் தப்பு.

உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றிச் சொன்னது சரி. 2006-ஆம் வருஷ உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், சமூக, மத நிகழ்ச்சிகளில் உணவு வழங்குகிறவர்களும் சிறு உணவுத் தயாரிப்பாளர் வகையில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அன்னதானத்துக்கும் இது பொருந்தும். வெள்ளம் சூழ்ந்த ஊரில் ஐந்தாம் நாள் போய் அதைக் கேட்டது நியாயமா என்றால், நான் கேட்டிருக்க மாட்டேன். ஆனால் அடுத்த முறை அந்தப் பேச்சே எழாமல் செய்ய உங்களால் முடியும். குழுவின் பெயரில் இப்போதே ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள். பொது சேவை மையத்தில் செய்து கொடுப்பார்கள். கட்டணம் சிறிய தொகைதான்.

சாப்பாடு முகாமில்தான் என்றது பாதி சரி. முகாமில் அரசு சமைத்துப் போட வேண்டும் என்பது அவருடைய கடமை. முகாமுக்கு வெளியே ஊர் சேர்ந்து தனக்குத் தானே சமைத்துச் சாப்பிடக் கூடாது என்று பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 51-ஆவது பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் பேரில் கொடுக்கும் உத்தரவைத் தகுந்த காரணம் இல்லாமல் மறுத்தால் தண்டனை உண்டு என்கிறது. அதனால் அந்த இடத்தில் மல்லுக்கட்ட வேண்டாம். "சரி சார், நிறுத்துகிறோம். எதற்காக நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று இந்த நோட்டில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இங்கே 300 பேர் இருக்கிறார்கள், ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு வரும் என்பதையும் எழுதுங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் அந்த 300 பேரின் பசி அவர் பொறுப்பு. எழுத மனமில்லை என்றால் பெரும்பாலும் "சரி, பார்த்துச் செய்யுங்கள்" என்று போய்விடுவார்.

சாப்பாடு கிடைத்ததால் பட்டியலில் இல்லை என்றார்களே, அதுதான் முழுத் தப்பு. சமைத்த சோறு வேறு, நிவாரணம் வேறு. இரண்டும் வெவ்வேறு தலைப்பில் வருகிற செலவு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் நெறிமுறைகள் 2022-ல் திருத்தப்பட்டன. அதன்படி, வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுதாகச் சேதமானாலோ, இரண்டு நாளுக்கு மேல் வெள்ளத்தில் கிடந்தாலோ துணிமணிக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டத்துக்கு 2,500 ரூபாய் என்று ஒரு குடும்பத்துக்கு அப்போது வர வேண்டியிருந்தது. பிழைப்பு அடிபட்ட குடும்பத்துக்குத் தினப்படி உதவி தனி. அது முகாமில் தங்காதவர்களுக்கு என்றே வைத்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் போட்ட சோற்றை ஒருவர் சாப்பிட்டார் என்பதால் இதில் எதையும் கழிக்க முடியாது. அந்த டிசம்பரில் மாநில அரசு ரேஷன் கடை வழியாகக் கொடுத்த 6,000 ரூபாய்க்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. கணக்கெடுக்க வந்தவர் தானாக ஒரு விதியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இனி, அதிகாரிகள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது தெரியாமல் அவர்களிடமிருந்து எதையும் வாங்க முடியாது.

முகாம் என்பது தாசில்தார் உத்தரவில் திறப்பது. அதற்கு ஒரு பொறுப்பாளர் உண்டு, பெரும்பாலும் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) அல்லது வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்). காலை, மதியம், இரவு எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த எண்ணிக்கைக்குத்தான் அரிசிக்கு இண்டென்ட் (தேவைப் பட்டியல்), மளிகைக்கு பில், சமையல் ஆளுக்குக் கூலி. பல சமயம் வி.ஏ.ஓ. தன் கைக்காசைப் போட்டோ, தெரிந்த கடையில் கடன் சொல்லியோ முதல் நாள் சாமான் வாங்கியிருப்பார். அந்தப் பணம் மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்ப வரும். அப்புறம் தணிக்கை வரும். 280 பேர் என்று எழுதியிருக்கிறீர்களே, பெயர் எங்கே, கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள். தணிக்கைத் தடை நிலுவையில் இருந்தால் ஓய்வு பெறும் நாளில் பணிக்கொடை நிற்கும். இப்படி நின்றுபோன சக ஊழியர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், ஒரு பைசா எடுக்காதவர்கள்.

ஆக, பதிவேட்டில் இல்லாத ஓர் அடுப்பைப் பார்த்தால் அவருக்குப் பயம்தான் முதலில் வரும். அங்கே யாருக்காவது வாந்திபேதி வந்தால் யார் பதில் சொல்வது? பள்ளிக்கூட முகாமுக்கு 300 பேருக்கு இண்டென்ட் போட்டிருக்கிறோம், ஆள் இங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் அங்கே சமைத்ததை என்ன செய்வது? இந்தப் பயத்தை நான் நியாயப்படுத்தவில்லை. பசித்தவன் முன்னால் பதிவேடு பெரிதில்லை. ஆனால் அந்தப் பயத்தைத் தீர்க்கிற தாள் உங்கள் கையில் இருந்தால், அதே அதிகாரி உங்களுக்கு அரிசி வாங்கிக் கொடுப்பார். இதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ரேஷன் கடைக்காரர் விஷயமும் இதேதான். கடையில் இருக்கிற அரிசி அவருடையது இல்லை. இருப்பில் ஒரு மூட்டை குறைந்தால் அபராதம் அவர் தலையில். அவரிடம் கெஞ்சியும் பயனில்லை, சண்டை போட்டும் பயனில்லை. வட்ட வழங்கல் அலுவலர், அதாவது டி.எஸ்.ஓ., அல்லது தாசில்தார் எழுத்தில் உத்தரவு கொடுத்தால் மெஷின் ஓடாவிட்டாலும் நோட்டில் எழுதி மூட்டையை இறக்கிக் கொடுத்துவிடுவார். அந்த உத்தரவு வெள்ளம் வந்தபிறகு கிடைக்காது. போன் செத்துப்போயிருக்கும், ரோடு இருக்காது. மழைக்கு முன்பே, "இன்ன ஊர் தொடர்பு அறுந்தால் இன்ன கடையிலிருந்து இன்ன சமையற்கூடத்துக்கு இத்தனை மூட்டை வரை, வி.ஏ.ஓ. ஒப்புதலில் கொடுக்கலாம்" என்று ஒரு முன் உத்தரவு கேளுங்கள். கலெக்டர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர். சட்டத்தின் 50-ஆவது பிரிவு, அவசரத்தில் டெண்டர் இல்லாமலே பொருள் வாங்க இடம் தருகிறது. அப்படியிருக்க, அரசாங்கத்தின் சொந்த அரிசியை அரசாங்கத்தின் சொந்த மக்களுக்குக் கொடுக்க முன் உத்தரவு போட முடியாது என்று எவரும் சொல்ல முடியாது. தென் மாவட்டங்களில் கடைக்கோடி ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு தாள் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

எத்தனை மூட்டை என்று உத்தரவு போடுகிறவர் கேட்பார். நிவாரணப் பணிகளில் பொதுவாகப் போடுகிற கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய். உங்கள் 300 பேருக்கு நாளொன்றுக்கு 120 கிலோ, நான்கு நாளைக்கு 480 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை பத்துக்குள் அடங்கிவிடும். பருப்பு 72 கிலோ, எண்ணெய் 30 கிலோ. இப்படி எழுதிக்கொண்டு போனால் கேட்கிறவருக்கும் முடிவெடுப்பது எளிது. "ஊருக்கு அரிசி வேண்டும்" என்று மொட்டையாகப் போனால் மனு அடுத்த மேசைக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. உதவி செய்கிற எண்ணத்தில் வீடு வீடாக ரேஷன் அரிசியை வாங்கி மண்டபத்தில் சேர்த்து வைத்துவிடாதீர்கள். மொத்தமாக ரேஷன் அரிசி ஓரிடத்தில் இருந்தால் கடத்தல் என்றுதான் வழக்கு வரும், குடிமைப் பொருள் குற்றப் புலனாய்வுக்காரர்களுக்கு உங்கள் நோக்கம் எப்படித் தெரியும்? கையிருப்பு வேண்டுமென்றால் குழுவோ ஊராட்சி அளவிலான கூட்டமைப்போ செப்டம்பரில் வெளிக் கடையில் நான்கைந்து மூட்டை வாங்கி பில்லை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வராவிட்டால் ஜனவரியில் உறுப்பினர்களுக்கே விற்றுவிடலாம், நஷ்டம் இல்லை. காய்ந்த விறகும் அப்படித்தான். வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் ஒரு குச்சிகூடக் காய்ந்திருக்காது. சமையல் நின்றுபோவது பெரும்பாலும் அரிசி இல்லாமல் அல்ல, விறகும் நல்ல தண்ணீரும் இல்லாமல்.

இப்போது இடம். கோயில் மண்டபத்தில் சமைத்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் யோசியுங்கள் சகோதரி. உங்கள் ஊர்க் காலனி மக்கள் அந்த மண்டபத்துக்குள் வந்து, எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்களா? ஆற்றோரக் குடிசைக்காரர்கள் வந்தார்களா, அல்லது வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா? குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர்க் கரைகளில் தலித் குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் சாப்பாட்டிலும், தங்குமிடத்திலும், பட்டியலிலும் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. வெள்ளம் வீட்டைக் கரைத்தாலும் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிற கோட்டைக் கரைப்பதில்லை. பேரிடர்ச் சட்டத்தின் 61-ஆவது பிரிவு நிவாரணத்தில் சாதி, மதம், பால் என்று எந்தப் பாகுபாடும் கூடாது என்கிறது. அதனால் எல்லோரும் கூச்சமில்லாமல் காலடி வைக்கிற இடத்துக்குச் சமையலை மாற்றுங்கள். பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் மகளிர் குழுக் கட்டடம், சமுதாயக் கூடம். சமைக்கிறவர்களிலும் இரண்டு பக்கத்துப் பெண்களும் இருக்கட்டும். இதற்கு ஊரில் முணுமுணுப்பு வரும். மழைக்கு முன்னால் வரட்டும், பேசித் தீர்க்க நேரம் இருக்கும்.

பள்ளிக்கூடம் என்றதும் சாவி ஞாபகம் வருகிறது. சத்துணவு மையத்தில் அண்டா இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, கொஞ்சம் அரிசி பருப்பும் இருக்கிறது. சமையலரும் உதவியாளரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், நூறு பேருக்குச் சமைத்துப் பழகிய கை. தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு தயார்ச் சமையலறை இருப்பது பெரிய வரம். ஆனால் தலைமை ஆசிரியர் டவுனில் இருப்பார், சாவி அவர் பையில் இருக்கும், நடுவில் பாலம் உடைந்திருக்கும். பூட்டை உடைக்கத் தயங்கி, பக்கத்தில் செங்கல் வைத்து அடுப்பு மூட்டிய ஊர்களைப் பார்த்திருக்கிறேன். சத்துணவு மையத்தின் நிர்வாகம் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாகப் போகிறது. இரண்டாவது சாவி உள்ளூரில் இருக்கிற சமையலரிடம் இருக்க வேண்டும், அவசரத்தில் அங்குள்ள இருப்பை எடுத்துக்கொண்டு பிறகு ஈடு செய்துகொள்ளலாம் என்று பி.டி.ஓ.-விடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். இதை மட்டும் செய்து முடித்தால்கூடப் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதையெல்லாம் தனித்தனியாகக் கேட்டு அலையாதீர்கள். கிராம சபையில் ஒரே தீர்மானமாகப் போடுங்கள். அக்டோபர் 2 சபைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆகஸ்ட் 15 சபைதான் உங்களுக்கு ஏற்றது. தீர்மானத்தில் ஊரின் சமையற்கூடம் எது, பொறுப்பு எந்தக் குழு, சாவி யாரிடம், அரிசி எந்தக் கடையிலிருந்து, எத்தனை பேருக்கு என்று பச்சையாக எழுதுங்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் அவர் முன்னிலையிலேயே நிறைவேற்றலாம். நகலைத் தாசில்தாருக்கும், பி.டி.ஓ.-வுக்கும், டி.எஸ்.ஓ.-வுக்கும், கலெக்டர் அலுவலகப் பேரிடர்ப் பிரிவுக்கும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். பருவமழைக்கு முன் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பல துறை அலுவலர்கள் சேர்ந்த மண்டலக் குழு போடுவார்கள். முதல் நிலை மீட்பாளர் பட்டியலும் தயாராகும். உங்கள் குழுவில் இரண்டு பேர் பெயர் அதில் ஏறட்டும். அப்புறம் உங்கள் அடுப்பைத் தனி அடுப்பு என்று யாரும் சொல்ல முடியாது. அது முகாமின் சமையற்கூடம்.

வெள்ளம் வந்த முதல் நாளே ஒரு நோட்டைத் திறந்துவிடுங்கள். பெயர், வீடு இருக்கும் இடம், குடும்பத்தில் எத்தனை பேர், குழந்தை, கர்ப்பிணி, முதியவர், ஸ்மார்ட் கார்டு (ரேஷன் கார்டு) எண் இருந்தால் அது, இல்லாவிட்டால் "கார்டு இல்லை". ஒவ்வொரு வேளையும் தலையெண்ணிக்கை, கீழே இரண்டு பேர் கையெழுத்து. வந்த பொருள் என்ன, யார் கொடுத்தது, எவ்வளவு செலவானது என்று இன்னொரு பக்கத்தில். தினம் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுங்கள், நோட்டு நனைந்தாலும் போட்டோ இருக்கும். ஒரு பெயரைக்கூடக் கூட்டி எழுதாதீர்கள். பொய்யாக நிவாரணம் கோருவது பேரிடர்ச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் குற்றம். அதைவிட முக்கியம், ஒரு போலிப் பெயர் தெரிந்துவிட்டால் நோட்டு முழுவதையும் தள்ளிவிடுவார்கள். அதிகாரி வந்ததும் அந்த நோட்டை நீட்டி, "சார், நேற்று வரை கணக்கு இது, இன்றிலிருந்து உங்கள் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். அவர் ராத்திரி உட்கார்ந்து தயாரிக்க வேண்டிய வேலையை நீங்கள் முடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். பிறகு கணக்கெடுப்பில் ஒரு வீடு விடுபட்டாலும் இந்த நோட்டுதான் சாட்சி.

என்ன கொடுக்க வேண்டும் என்பதற்கும் அளவு இருக்கிறது. பேரிடர்ச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வகுத்த குறைந்தபட்ச நிவாரணத் தரத்தில், முகாமில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாளுக்கு 2,400 கலோரி, குழந்தைக்கு 1,700 கலோரி, குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், 30 பேருக்கு ஒரு கழிப்பறை என்று இருக்கிறது. குழந்தைகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் பால் தர வேண்டும் என்றும் இருக்கிறது. மூன்று வேளையும் தக்காளிச் சாதப் பொட்டலம் போட்டுவிட்டு முகாம் நடக்கிறது என்று சொல்வது இந்தத் தரத்துக்குள் வராது. முகாம் பொறுப்பாளரிடம் நீங்கள் இதைத் தயங்காமல் கேட்கலாம். 2011-ல் நாடாளுமன்றத்தில் வைத்த தேசிய உணவுப் பாதுகாப்பு மசோதாவில் (இது ரேஷன் உரிமை பற்றியது, மேலே சொன்ன பதிவுச் சட்டம் வேறு), பேரிடரில் சிக்கிய குடும்பங்களுக்கு மூன்று மாதம் வரை இரண்டு வேளை இலவசச் சாப்பாடு என்று ஒரு பிரிவு இருந்தது. 2013-ல் சட்டமானபோது அது காணாமல் போய்விட்டது. அது இருந்திருந்தால் உங்கள் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. எனக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு.

சமையல் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டே விஷயம். சூடான சோற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மணிக்கணக்கில் வைக்காதீர்கள், சமைத்த நான்கு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குப் போய்விட வேண்டும். ஒவ்வொரு வேளையும் ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து, தேதியும் நேரமும் எழுதித் தனியே வையுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய், சாப்பாட்டினால்தான் என்று பேச்சு கிளம்பினால் பரிசோதனைக்குக் கொடுக்கலாம்.

வெளியூர்க்காரர்கள் வண்டியில் கொண்டுவருகிற பொருள் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, மெயின் ரோட்டோரம் இருந்த ஊர்களிலேயே நிவாரண வண்டிகளை மறித்து இறக்கிக்கொண்டார்கள். உள்ளே இருந்த ஊர்களுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. மறித்தவர்களும் பசியில் இருந்தவர்கள்தான், அவர்களைத் திட்டிப் பயனில்லை. தங்களுக்கு எப்போது, எவ்வளவு வரும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. உங்கள் ஊர் ரோட்டோரமா உள்ளேயா என்று எனக்கு நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும், பொருளை வாங்கி வைக்க ஒரே இடம், அந்த இடத்தில் எழுதி ஒட்டிய ஒரு தாள், அதில் இன்று என்ன வந்தது, யாருக்குப் போனது என்ற விவரம். கொடுக்க வருகிறவர்களிடம் பழைய துணி வேண்டாம், பாய், கொசுவலை, நாப்கின், பால் பவுடர், மெழுகுவத்தி கொண்டுவாருங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பதினோரு குடும்பங்களுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய இடம் இது. 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த ஊர் ஸ்மார்ட் கார்டையும் வைத்து எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். இது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது, சொல்லிக் கொடுங்கள். மாதாந்திர அரிசிக்கு இது போதும். பண நிவாரணம் மட்டும் கார்டில் இருக்கிற முகவரியைப் பார்த்தே போகிறது, அதனால்தான் அவர்கள் உங்கள் ஊரிலும் இல்லை, சொந்த ஊரிலும் இல்லை என்று ஆனார்கள். ஆனால் அதே டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளத்துக்கு, அந்த முகவரியில் கார்டு இல்லாதவர்களிடம் ரேஷன் கடையிலேயே தனி விண்ணப்பம் வாங்கினார்கள். ஆக வழி இருக்கிறது, கேட்க ஆள் வேண்டும். தோட்டக்காரர் ஒருவர் இவர்கள் என் நிலத்தில் இத்தனை மாதமாக வேலை செய்கிறார்கள் என்று எழுதிக் கொடுக்கட்டும். கிராம சபைத் தீர்மானத்தின் இணைப்பில் அந்தப் பதினோரு குடும்பத்தின் பெயரும் இருக்கட்டும். ஆற்றோரம் தண்ணீர் ஏறினால் முதலில் அப்புறப்படுத்த வேண்டியவர்கள் அவர்கள்தான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சமையலுக்கு முன் உயிர்.

கடைசியாகப் புகார். கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அடுப்பை அணைக்கச் சொன்னவரை விட்டுவிடுங்கள் என்பேன். எழுத்தில் எதுவும் இல்லாத நிலையில் அந்தப் புகார் நிற்காது. வரும் மழையில் அதே நாற்காலியில் இருக்கிறவரோடுதான் நீங்கள் வேலை செய்ய வேண்டும். விடுபட்ட வீடுகளை மட்டும் விடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தாசில்தார் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போட்டு, 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு உங்கள் வருவாய்க் கிராமத்தில் எடுத்த பயனாளிகள் பட்டியலின் நகல், கணக்கெடுப்புக் குழுவுக்குக் கொடுத்த அறிவுறுத்தலின் நகல், விடுபட்டவர்கள் கொடுத்த மனுக்கள் மீது எடுத்த நடவடிக்கை ஆகிய மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். சாப்பாடு கிடைத்தவர்களை விட்டுவிடச் சொல்லும் வரி அந்த அறிவுறுத்தலில் இருக்காது. அந்த நகலை இணைத்து, விடுபட்ட ஒவ்வொரு குடும்பமும் தனித்தனி மனுவாக, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுக்கட்டும். கூட்டு மனுவாகக் கொடுத்தால் ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். மனு எண் போட்ட ரசீதை ஒவ்வொருவரும் அவரவர் ஸ்மார்ட் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளட்டும். பதில் எப்படி வந்தாலும் எனக்கு எழுதுங்கள், அடுத்த மேல்முறையீட்டை எங்கே போடுவது என்று அந்தப் பதிலைப் பார்த்துச் சொல்கிறேன்.